காதுக்கும் உரிமையுண்டு

மாலை வேளையில் நீர்வேலியில், பருத்தித்துறை வீதியோரம் நிற்பவர் எவரும் அறிந்த காட்சி இது. மோட்டார் சைக்கிளில் இரண்டு ஒலிபெருக்கிகள்; வாலிபரின் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியிலிருந்து அவற்றுக்கு ஒரு கம்பி. வண்டி வருமுன்னரே பாட்டு வந்துவிடுகிறது.

வாலிபரின் கைவேலையை நாம் இகழவில்லை. அது இம்மண்ணுக்குப் புதியதுமன்று. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றது. பொருளாதாரத் தடையினால் பற்றறியும் அரிதாயிற்று. அன்று சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோ ஈன்ற மின்சாரத்தில் வானொலி கேட்டது நம் சமூகம். பி.பி.சி. தமிழோசையின் செய்திக்காக அயலவர் ஒன்று கூடினர். ஒருவர் சுழற்றப் பலர் கேட்டனர், விரும்பியே கேட்டனர்.

இன்றைய ஒலியின் குறை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் விரும்ப, ஊர் முழுவதும் கேட்டாக வேண்டியிருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கும் படுக்கையிலுள்ள நோயாளிக்கும் தப்ப வழியில்லை. வாழைக்குலையைச் சைக்கிளிற் கட்டிச் சந்தைக்குச் செல்லும் கமக்காரர், பின்னால் வரும் லொறியின் ஓசையைக் கேட்டே ஒதுங்குகிறார். அவ்வோசையை மறைக்கும் பாட்டு அவர் உயிருக்கே ஆபத்து.

சட்டம் இதில் மௌனமாயில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 261 ஆம் பிரிவு பொதுத் தொல்லையைக் குற்றமென்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியளித்தலாகாதென உயர் நீதிமன்றம் 2007 இல் கட்டளையிட்டது.

ஆயினும் சட்டத்தை வாலிபர்மீது மட்டும் ஏவுவது நீதியன்று. தேர்தற் காலத்தில் வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி, ஒழுங்கைதோறும் முழங்கியவர் யார்? அரசியற் பணி செய்யும் நாமே! திருவிழாக் காலத்தில் மரந்தோறும் குழாய் கட்டியவரும் நம்மவரே. மூத்தோர் காட்டிய வழியில் இளையோர் செல்கின்றனர்.

எனவே கட்சிகளும் ஆலய பரிபாலகர்களும் தங்கள் ஒலியை முதலில் தணிக்கட்டும். பின்னர் வாலிபரிடம் கேட்போம்: உங்கள் பாட்டு உங்கள் காதளவில் நிற்கட்டும், பாடசாலை, வைத்தியசாலை, மரணவீடு ஆகியவற்றின் அருகே அறவே ஓயட்டும்.

1956 இல் ஒரு மொழி நம்மீது திணிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றவர்கள் நாம். திணிப்பு எவ்வளவு சிறிதாயினும் திணிப்பே. அதனை நம் அயலவர்மீது நாமே செய்யலாகாது.