கதவடைக்கும் தீவுக்குத் தனியாக

தனியாக ஒரு கடற்கரைத் தீவுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசை, உத்தியோகத்தில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷமான நம் பிள்ளைகளையும் பெண்களையும் இப்போது பலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆசை வெளிப்பட்டவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி "தனியாகவா?" என்பது, அடுத்த கேள்வி "எந்த ஊர்?" என்பது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் போகலாம். இறங்கிய இடத்திலேயே 5,00,000 ரூபியா செலுத்தி 30 நாள் தங்க விசா பெறலாம். 2024 பிப்ரவரி முதல் தீவின் அரசாங்கம் தனியே வசூலிக்கும் வரி 1,50,000 ரூபியா. பூஜ்யங்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்து நம் பணத்தில் நாலாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே போவது சுலபம். எப்போது போவது என்பதில்தான் என் அபிப்பிராயம் பிரயாண ஏஜெண்டுகளின் அபிப்பிராயத்துக்கு நேர் விரோதமாக இருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த காலம், அப்போது போங்கள் என்று அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஆனால் மார்ச் மாத அமாவாசையை ஒட்டி வரும் ஒரு நாளை மட்டும் எப்பாடுபட்டாவது தவிர்த்துவிடுங்கள், அன்று விமான நிலையமே மூடிக் கிடக்கும், தெருவில் தலைகாட்ட முடியாது, கொடுத்த காசு வீண் என்று அவர்கள் எச்சரிக்கிறார்களே, அந்த நாளையே தேடிப் பிடித்து நடுவில் வைத்து, மற்ற நாட்களை அதன் இரு பக்கமும் அமைத்துக்கொள்வதுதான் தனியாகப் போகிறவருக்கு உத்தமமான திட்டம் என்பேன்.

நியெப்பி என்று அந்த நாளுக்குப் பெயர். பாலி ஜனங்களின் சக வருஷப் பிறப்பு அது. கி.பி. 78இல் தொடங்கும் அதே சகாப்தத்தைத்தான் நம் அரசாங்கமும் 1957இல் தேசியப் பஞ்சாங்கத்துக்கு எடுத்துக்கொண்டது. 2026 மார்ச் 19 தெலுங்கர்களுக்கு யுகாதி. பாலியில் அதே தினம் 1948ஆம் சக வருஷப் பிறப்பு. இங்கே வருஷப் பிறப்பென்றால் வடை பாயசமும் புது வேஷ்டியும்; அங்கேயோ காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை நெருப்பு மூட்டுவதில்லை, வேலை செய்வதில்லை, வெளியே போவதில்லை, கேளிக்கையில் ஈடுபடுவதில்லை. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்கிற, உலகத்து உல்லாசிகளெல்லாம் வந்து இறங்குகிற ஓர் இடத்தில், விமானமும் ஜாவாவுக்குப் போகும் படகும் நின்று, கடைகளும் கடற்கரையும் அடைபட்டு, 2018 முதல் கைபேசி இணையமும் துண்டிக்கப்பட்டு, ஆஸ்பத்திரி போன்ற அவசர காரியங்கள் மாத்திரம் நடைபெறுகின்றன. வருமானத்தில் பெரும் பகுதியை அந்நியப் பிரயாணிகளிடமிருந்து பெறும் ஒரு தீவு, இந்த ஒரு நாளில் அவர்களுடைய சௌகரியத்தைக் கருதி ஓர் அங்குலமும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதே எனக்கு அதன் மேல் மரியாதை உண்டாவதற்குப் போதுமான காரணம்.

முந்தின மாலையைச் சொல்லாமல் இந்த நாளைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. பஞ்சார் என்று அவர்கள் வழங்கும் ஊர்ச் சபை ஒவ்வொன்றின் வாலிபர்களும், வாரக்கணக்கில் கண்விழித்து மூங்கிலும் காகிதமும் வர்ணமும் கொண்டு, பிதுங்கிய விழியும் கோரைப் பல்லும் தொங்கும் நாக்குமாக ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சும் பூதம் ஒன்றைச் சமைத்து வைத்திருப்பார்கள். ஒகோ-ஒகோ என்பது அதன் பெயர். சூரியன் சாயும் வேளையில், கட்டம் கட்டமாகப் பிணைத்த மூங்கில் சட்டத்தின் மேல் அதை நிறுத்தி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பையன் புகுந்து தோள் கொடுக்க, பறையும் தாளமும் முழங்கப் புறப்படுகிறது ஊர்வலம். நம் ஊர்களில் தேர் அசைந்து வரும்போது மின்கம்பியைக் கவனிக்க ஒருவர் இருப்பதுபோல அங்கேயும் நீண்ட கழியோடு ஒருவன் முன்னால் ஓடிக் கம்பிகளை உயர்த்திப் பிடிக்கிறான். நாற்சந்தி வந்ததும் பூதத்தை இடம்சுற்றாக மூன்று முறை சுழற்றுகிறார்கள். அந்தச் சுழற்சியில் துஷ்ட சக்திகள் திசை மயங்கிப் போகும் என்பது நம்பிக்கை. தலைநகரான டென்பசாரில், நான்முகச் சிலை நிற்கும் சந்தியில் கூடும் கூட்டத்துக்கு அளவேயில்லை. துணையோடு வந்தவர்கள் துணையைத் தேடுவதிலேயே பாதி நேரத்தைப் போக்க, தனியாக வந்தவரோ எந்தப் பூதம் பிடித்திருக்கிறதோ அதன் பின்னாலேயே, கால் போனபடி போகலாம். ஊர்வலம் முடிந்ததும் பூதங்களில் பலவற்றைத் தீயிலிட்டுவிடுவார்கள். விடிந்தால் எல்லாம் அடக்கம்.

உல்லாசத் தீவுகளில் தனியாக இருப்பவருடைய சங்கடம், பயத்தைக் காட்டிலும், அடுத்த மேஜையைச் சேர்ந்தது. செமின்யாக், சாங்கு போன்ற பாலிக் கடற்கரை ஊர்களின் உணவுவிடுதியில் அந்திவேளையில் ஒருவர் மட்டும் போய் உட்கார்ந்தால், சுற்றிலும் தம்பதிகளும் சிநேகிதக் கும்பல்களும் படம் எடுத்துக்கொண்டிருக்க, "ஒருவர்தானா?" என்று பரிசாரகர் கேட்கும் சாதாரண வார்த்தைகூட விசாரணைபோலத் தொனிக்கும். சந்தோஷமாக இருந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்த இடங்களின் காற்றிலேயே கலந்திருக்கிறது. நியெப்பியன்று அந்த நிர்ப்பந்தம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ரத்தாகிறது. நான்கு பேராக வந்தவர்கள் பகல் பத்து மணிக்குள் ஒருவர் மேல் ஒருவர் சலித்துக்கொள்ளத் தொடங்குவார்கள். தனியாக வந்தவரோ, தாம் எந்த ஏகாந்தத்தை உத்தேசித்துப் புறப்பட்டாரோ அதைச் சட்டமே காவல் காக்கக் கண்டு, தீவு முழுவதும் தம் கட்சிக்கு வந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளலாம். இரவில் மேகமில்லாமல் வாய்த்தால், விளக்கே இல்லாத அந்த ஆகாயத்தில் தெரியும் நட்சத்திரக் கூட்டத்தை நம் நகரவாசிகள் பிறந்த நாள் முதல் கண்டிருக்க மாட்டார்கள்.

மேகமில்லாமல் வாய்த்தால் என்றேன். மார்ச் மாதம் மழைக்காலத்தின் வால். குட்டா கடற்கரையில் மேற்குக் காற்று கொண்டுவந்து தள்ளும் குப்பையும் அப்போது உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பளிங்கு நீரும் ஒழுங்கான வெயிலும்தான் பிரதானம் என்பவர்கள் ஜூன் மாதம் போகட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

மற்றவர்களுக்கு ஏற்பாடு கொஞ்சம்தான். நியெப்பிக்கென்றே மூன்று வேளைச் சாப்பாட்டோடு 'மௌனப் பாக்கேஜ்' விற்கும் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. மௌனத்துக்கும் விலைப்பட்டியல் போடும் சாமர்த்தியத்தை மெச்சிவிட்டு, சானூர் அல்லது உபுத் பக்கத்தில் குடும்பத்தார் தம் வீட்டு வளாகத்திலேயே வாடகைக்கு விடும் அறை ஒன்றைப் பிடிப்பதே மேல். வாசலில் தென்னங்குருத்துத் தட்டில் நாலு நிறப் பூவும், சில சமயம் ஒரு பிஸ்கோத்தோ மிட்டாயோ, மேலே புகையும் ஊதுவத்தியுமாக அந்த வீட்டம்மாள் தினமும் வைக்கும் படையலைப் பார்த்துப் பழகியிருந்தால், அன்றைய அடக்கமும் விநோதமாகத் தோன்றாது. அன்று அடுப்பு எரியுமா என்பதை முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொண்டு, பழமும் ரொட்டியும் தண்ணீரும் முதல் நாளே வாங்கிவிட வேண்டும். ஏடிஎம்மும் அன்று உதவாது. சைவர்கள், காய்கறிப் பண்டத்திலும் இறால் விழுது கலந்திருக்கக் கூடுமென்பதால், சோயாவில் செய்யும் டோஃபுவும் டெம்பேயும் கிடைக்கும் கடையாகப் பார்த்து வைத்துக்கொள்வது நலம். மாலையில் திரை போடாமல் விளக்கேற்றினால், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி உடுத்த பெச்சலாங் என்னும் ஊர்க்காவலர் வந்து கதவைத் தட்டுவார். 2023இல் அந்நாளில் கடற்கரையில் கூடாரமடித்திருந்த வெளிநாட்டார் இருவர், அந்தக் காவலர்களோடு தர்க்கம் செய்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டார்கள்.

வீட்டில் எழுந்த அந்த முதற்கேள்விக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. வருஷத்தில் மற்ற நாட்களில் பெற்றோர் அஞ்ச வேண்டியது சர்வதேச லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் வாடகை ஸ்கூட்டரையும், மலிவு விலைச் சாராயக் கலவையையும், சிவப்புக் கொடி நட்ட கடலையும். நியெப்பியன்று மூன்றும் தாமே விலகி நிற்கின்றன. கைபேசியில் அன்று இணையம் வராது என்பதை மட்டும் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பும் டிக்கெட்டை மறுநாள் காலைக்குப் போடக் கூடாது. இருபத்துநாலு மணி நேரம் அடைபட்டிருந்த ஜனமெல்லாம் அன்று விமான நிலையத்தை நோக்கிக் கிளம்பும். தவிர, உறவினரும் அண்டை அயலாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பழைய பிழைகளைப் பொறுத்தருளக் கேட்கும் நாளும் அதுவே, குடும்பத்தார் வீட்டில் தங்கியவருக்கு அங்கேயே ஒரு வேளைச் சாப்பாடு நிச்சயம்.