மாமா வீசிய மெழுகு

"என்னம்மா ரேடியோகாரி, ரெண்டு பெட்டியில ஒரு ஈகூட இல்ல. எல்லாம் ஓடிப் போச்சு. இனி எனக்கு இது வேணாம்மா. மிச்சத்த யாருக்காவது கொடுத்துட்டு உங்கம்மாகிட்டயே வந்துடுறேன்."

சில மாதங்களுக்கு முன்பு என் தாய்மாமா கைப்பேசியில் இப்படிச் சொன்னபோது எனக்குப் பக்கென்றது. பத்து பகாட் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 11 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது. அத்தை இறந்த பின் அந்தப் பெட்டிகள்தான் அவரைக் காலையில் வீட்டை விட்டு வெளியே கொண்டு வருகின்றன. தேன் போனால் போகட்டும். மாமா முடங்கிப் போய்விடுவாரே என்பதுதான் என் கவலை.

விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன். பெட்டிகளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், தேன் பிழிந்த அடைச் சக்கை குவியலாகக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் தேன் எடுத்ததும் அங்கேதான் வீசுவாராம். குச்சியால் கிளறினேன். சிலந்தி வலை போல வெள்ளை வெள்ளையாக நூல், அதற்குள் புழுக்கள்.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் இதைச் சொன்னேன். மூவாரிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். பல வருடமாகத் தேனீ வளர்ப்பவர். "சக்கைய பெட்டிக்குப் பக்கத்துலயே போடறது திருடனுக்குத் திண்ணை கட்டிக் கொடுக்கிற மாதிரி, தங்கச்சி" என்றார்.

அந்தத் திருடன் மெழுகு அந்துப்பூச்சி. பழைய அடையில் முட்டையிடும். புழுக்கள் அடையைக் குடைந்து வலை பின்னும். பலமான தேனீக் கூட்டம் அதை விரட்டிவிடும். பலம் குறைந்த கூட்டம் வீட்டையே விட்டுவிட்டுப் போய்விடும். பெட்டியில் வளரும் நம் ஊர் ஆசியத் தேனீக்கள் இப்படி மூட்டை கட்டுவதில் கொஞ்சம் அவசரக்காரர்கள். "மாமா பெட்டிக்கும் அதுதான் நடந்திருக்கும். பூச்சி புடிச்சத ஆழமா புதைச்சிடுங்க. இனிமே எடுக்கிற சக்கைய அன்னைக்கே உருக்குங்க. சுத்தமான மெழுகுக் கட்டிய அது அவ்வளவா தொடாது" என்றார் அண்ணன்.

அப்போதுதான் மெழுகைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்பக்கத்தில் 4 ஜோடி மெழுகுச் சுரப்பிகள் இருக்கின்றன. கூட்டை விட்டு இரை தேடப் போவதற்கு முந்தைய வயதில், ஏறக்குறைய 12 நாளிலிருந்து 18 நாள் வரை, அவை நன்றாகச் சுரக்கும். சின்னச் சின்னச் செதிலாக வருவதை வாயால் மென்று அடை கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகுக்கு 6 முதல் 8 கிலோ தேன் வரை தேனீக்கள் சாப்பிட வேண்டும் என்பது தேனீ வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப இத்தன வருஷமா தேனத்தான் கொட்டியிருக்கேன்" என்றார்.

அடுத்த முறை தேன் எடுத்தபோது நானும் போனேன். சக்கையைத் தண்ணீரில் அலசி, பழைய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு கல்லையும் உள்ளே வைத்து, பானைத் தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் வைத்தோம். மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகிவிடும். தண்ணீர் கொதிக்கவே வேண்டாம். உருகிய மெழுகு துணி வழியாகக் கசிந்து மேலே மிதக்கும். அழுக்கு மூட்டைக்குள் தங்கும். இரவு முழுக்க ஆறவிட்டால் மறுநாள் மஞ்சள் வட்டமாக எடுக்கலாம். அடியில் ஒட்டிய கறுப்பைச் சுரண்டிவிட வேண்டும். எவர்சில்வர் பானைதான் நல்லது. இரும்பும் செம்பும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும். அந்தப் பானையில் பிறகு சோறு வடிக்க முடியாது. மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை உருக்கியது எங்கள் வீட்டில். அவசரத்தில் தண்ணீர் இல்லாமல் வெறும் சட்டியை நேராக அடுப்பில் வைத்துவிட்டு, புலனத்தில் வந்த வேலைச் செய்திக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் புகை. அடுத்த நொடி சட்டியில் தீ. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் சட்டியை மூடினார். எரியும் மெழுகில் தண்ணீர் பட்டால் நெருப்பு நாலாபுறமும் தெறிக்கும். அன்று தப்பியது அம்மாவால். மெழுகை எப்போதும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும். அடுப்பை விட்டு நகரவே கூடாது.

சரி, கையில் மெழுகு சேர்ந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதல் பங்கு தேனீக்களுக்கு. பெட்டியின் மேல்சட்டத்தில் உருக்கிய மெழுகை ஒரு கோடாக ஊற்றிவிட்டால், அந்தக் கோட்டைப் பிடித்து நேராக அடை கட்டும். காலிப் பெட்டியில் தடவி வைத்தால், வீடு தேடும் கூட்டத்தை அந்த வாசம் இழுக்கும். நோய் கண்ட பெட்டியின் மெழுகை மட்டும் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் பங்கு வீட்டுக்கு. ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், எடை போட்டுக் கலந்தால் உதட்டுக்குத் தடவலாம். ஐந்து பங்கு எண்ணெய் சேர்த்தால் இளகலாக வரும். அம்மாவின் பாத வெடிப்புக்கு அதுதான். அதையே மரக்கரண்டிக்கும் காய் வெட்டும் பலகைக்கும் பூசுகிறோம். மாமா பாராங்கில் தடவித் துரு பிடிக்காமல் வைத்திருக்கிறார்.

மூன்றாம் பங்கு, அருமை தெரிந்தவர்களுக்கு. பாத்தேக் கைவினைஞர்கள் துணியில் சந்திங் கொண்டு வரையும் மெழுகுக் கலவையில் தேன்மெழுகும் சேரும். பாரஃபின் மட்டும் என்றால் வெடிக்கும். தேன்மெழுகு வளைந்து கொடுத்துத் துணியைப் பிடித்துக்கொள்ளும். வீணையின் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகின் மேல்தான் நிற்கின்றன. மோர்சிங் வாசிப்பவர் சுருதி இறக்க அதன் நாக்கில் துளி மெழுகு ஒட்டுவார். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் மெழுகில் சிலை செய்த பிறகே உலோகம் வார்க்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. கெலுலூட் வளர்ப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்தக் கொடுக்கில்லாத் தேனீ, மெழுகோடு மரப்பிசினைக் கலந்து கூடு கட்டுகிறது; அது வேறு பொருள். உதட்டுப் பூச்சைக் காசுக்கு விற்பதானால், சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் முதலில் அறிவிக்க வேண்டும். சொந்தபந்தத்துக்குக் கொடுப்பது வேறு, விற்பது வேறு.

இதில் பணக்காரர் ஆகலாம் என்று சொல்ல மாட்டேன். அந்த முறை தேன் எடுத்ததில் மாமாவுக்குக் கிடைத்தது 380 கிராம். அதில் ஒரு கட்டியைப் பாத்தேக் வகுப்பு நடத்தும் என் தோழி வாங்கினாள். அந்தப் பணத்தை மாமா செலவழிக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

காலியான இரண்டு பெட்டிகளையும் கழுவி, வெயிலில் காயவைத்து, மெழுகு தடவி மறுபடியும் தென்னையடியில் வைத்தார். மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்தது.

"ஒண்ணுல குடி வந்துருச்சும்மா."

"இன்னொண்ணு, மாமா?"

"அது காலியாத்தான் கெடக்கு. இருக்கட்டும். வரும்."

அம்மா வீட்டுக்கு வந்துவிடுவதைப் பற்றி அன்று அவர் பேசவே இல்லை.