மின் அட்டையில் யார் பெயர்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாக மாறி வருகின்றன. 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. 2030-க்குள் குடிசையே இல்லாத தமிழ்நாடு என்பது அரசின் இலக்கு. சிமெண்ட், கம்பி, அடுத்த தவணை எப்போது என்றெல்லாம் விவரமாகக் கேட்கும் நாம், பழைய குடிசைக்கு வாங்கிய மின் இணைப்பு இனி என்ன ஆகும் என்று மட்டும் கேட்பதில்லை.

குடிசை இணைப்பு தனி வகை. குடிசைக்கு 40 வாட்டுக்கு மேற்படாத ஒரு விளக்கு என்ற கணக்கில் பிறந்தது அது. மீட்டர் கிடையாது, கட்டணமும் கிடையாது. அந்தத் தொகையை அரசு ஈடு செய்கிறது. அரசு தந்த டிவி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வீடுகளுக்கு வந்தபோது விதியும் கொஞ்சம் விரிந்தது. அதற்கு மேல் பயன்படுத்தினால் மீட்டர் பொருத்தி, சாதாரண வீட்டுக் கட்டண வகைக்கு மாற வேண்டும் என்பதும் நிபந்தனையில் இருக்கிறது. அதை யாரும் நம்மிடம் வாசித்துக் காட்டுவதில்லை. புது வீட்டில் நான்கு விளக்கும் ஒரு பிரிட்ஜும் ஓடும்போது இணைப்பு குடிசை இணைப்பாகவே இருந்தால், அது நமக்குத் தெரியாமலே நாம் மீறிய ஒப்பந்தம்.

மாறுவதற்குப் பயப்படத் தேவையில்லை. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணப்படி 200 யூனிட்டுக்கு 225 ரூபாய்தான். 2024 ஜூலையில் சற்று ஏறியது. ஆனாலும் ஏழை வீடு தாங்கக்கூடிய தொகையே. மாறாமல் இருந்து பிடிபட்டால் வருவதுதான் தாங்க முடியாதது.

மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. அனுமதி பெற்ற காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்பட்டது என்று அதிகாரி முடிவு செய்தால், உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போதிருந்து என்று கண்டறிய முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடலாம். முன்னறையைக் கடைக்கு வாடகைக்கு விட்டவர்களும் இதில் சிக்கலாம். ஆனால் முதலில் வருவது தற்காலிக ஆணைதான். அதற்கு ஆட்சேபம் எழுதித் தர நமக்கு உரிமை உண்டு. 30 நாளுக்குள் இறுதி ஆணை வர வேண்டும். அதன் மீது 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குப் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். சோதனைக்கு வந்தவர்கள் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் இந்த உரிமைகளை எல்லாம் கெடுத்துவிடுகிறது.

இதில் நம் மக்களுக்கென்றே ஓர் ஆபத்து இருக்கிறது. தென்னந்தோப்பிலும் தோட்டத்திலும் வேலை பார்த்து, அங்கேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கு, பம்புசெட்டுக்கென்று தந்த இலவச இணைப்பிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுக்கப்படுவது உண்டு. விளக்கு எரிகிறதே என்று நாமும் இருந்துவிடுகிறோம். ஆனால் 126-வது பிரிவின்படி ஆணையைப் பெறுபவர் அந்த இடத்தில் குடியிருப்பவராகவும் இருக்கலாம். நிலம் முதலாளியுடையது, மின் அட்டையும் அவர் பெயரில், நோட்டீஸ் மட்டும் நம் பெயரில் என்று ஆகிவிடக் கூடாது.

அப்படிக் குடியிருப்பவர் தன் பெயரிலேயே இணைப்பு கேட்கலாம். சட்டத்தின் 43-வது பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் அல்லது அதில் குடியிருப்பவர் விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. உரிமையாளர் ஒப்புதல் தர மறுத்தால் என்ன செய்வது? திலீப் எதிர் சதீஷ் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மின்சாரம் அடிப்படை வசதி. உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக அதை மறுக்க முடியாது. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும். நம் மாநில மின் விநியோக விதித் தொகுப்பிலும், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றையும் பொறுப்பேற்புப் பத்திரத்தையும் கொடுத்து விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஈ.பி. ஆபீசில் வாய்மொழியாக "முடியாது" என்றால், அதை எழுத்தில் கேளுங்கள்.

சொந்த வீட்டிலும் பெயர்ச் சிக்கல் உண்டு. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோதுதான், அட்டையில் இருப்பது என்றோ இறந்துபோன தாத்தாவின் பெயர் என்று பல குடும்பங்கள் கவனித்தன. 2023 ஜூலை 24 முதல் ஒரு மாதம் பெயர் மாற்றச் சிறப்பு முகாம் நடந்தது. தவறவிட்டவர்கள் இப்போதும் மாற்றலாம். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று கொஞ்சம் அலைய வேண்டும். வைப்புத்தொகை, நோட்டீஸ், புகார் எல்லாம் அந்தப் பெயரைச் சுற்றித்தான் நடக்கின்றன. 'பிஎம் சூர்யா கர்' திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியத்துக்கும் நம் பெயரில் இணைப்பும் தகடு தாங்கும் கூரையும் வேண்டும். ஓலைக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அது எட்டாது.

கூட்டுக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது 500 யூனிட் எல்லை. 2022 கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். கூடிய ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலை போய்விடுவதுதான் காரணம். விலை பிறகு மாறினாலும் இந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. அண்ணன் தம்பி சுவர் வைத்துத் தனித்தனி வாசலோடு பிரிந்திருந்தால், தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பதே லாபம்.

ஒப்பந்தத்தைப் படிப்பது படித்தவர்கள் வேலை என்று நினைப்பவர்கள் கமுதியைப் பார்க்கட்டும். அங்குள்ள 648 மெகாவாட் அதானி சூரிய மின் நிலையத்தின் மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகள் வாங்க 2015 ஜூலை 4-ல் கையெழுத்தானது. இரண்டே ஆண்டில் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் சூரிய மின்சார விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் வழக்கறிஞர் இருப்பார். நம் ஒப்பந்தத்துக்கு வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைதான் வழக்கறிஞர். பிள்ளைகளே, இன்று மாலை அட்டையை எடுத்துப் பெயர், கட்டண வகை, அனுமதிக்கப்பட்ட மின்பளு ஆகிய மூன்றையும் வீட்டில் வாசித்துச் சொல்லுங்கள்.

கட்டணத்தில் தகராறு இருந்தாலும், எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பணம் கட்டினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டிப்பதற்கு முன் 15 முழு நாள் அவகாசத்தோடு எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். இரண்டும் 56-வது பிரிவில் உள்ளவை. அவசரப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. அங்கும் தீராவிட்டால் ராமநாதபுரம் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம், அதற்கும் மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் 126-வது பிரிவு ஆணைகளை அந்த மன்றம் விசாரிக்காது. அங்கே மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் மேல்முறையீட்டுக்கான 30 நாளும் கடந்துவிடும்.