மேடைக்குக் கீழேயும் நிகழ்ச்சி வேண்டும்

1946-இல் தொடங்கிய நம் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் மேடையில் பாட்டு, பரதம், நாடகம், பட்டிமன்றம் எல்லாம் நடக்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் மேடையில் குழந்தை, நாற்காலியில் பெற்றோர். மனப்பாடம் செய்த தமிழ் அரங்கோடு நின்றுவிடுகிறது. வீடு திரும்பும்போது பேச்சு இந்திக்கு மாறிவிடுகிறது. குடும்பம் சேர்ந்து பார்த்துப் பேசும் நிகழ்ச்சிகளும் தேவை என்பது என் கருத்து.

ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், புதுக்கோட்டையை அடுத்த திருவரங்குளத்துச் சோழர் கால நடராசர் இருக்கிறார். தில்லை நடராசரைப் போல இடக்காலைத் தூக்கியவர் அல்லர். இரு முழங்கால்களையும் மடக்கிச் சதுர தாண்டவம் ஆடுபவர். 'இவர் ஏன் காலைத் தூக்கவில்லை?' என்று பிள்ளை கேட்டால், வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

சங்கத்தின் சார்பில் ஒரு ஞாயிறன்று குடும்பங்களாக அங்கே போகலாம். மறு ஞாயிறு சங்கத்திலேயே வீட்டுப் பொருள் கண்காட்சி வைக்கலாம். அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, தூக்குச்சட்டி என்று ஆளுக்கொன்று கொண்டு வரட்டும். அதன் பெயரையும் பயனையும் பாட்டியிடம் கேட்டறிந்து, பிள்ளைகளே வருவோருக்குத் தமிழில் விளக்கட்டும். பரிசு வேண்டாம், போட்டி வேண்டாம். ஊரில் புழங்கிய சொற்கள் பாட்டியோடு போய்விடக் கூடாது. சங்கத்தார் ஆவன செய்வார்களா?