வீக்கம் வடிந்த நாளில் முகாம்

ஹீமோபிலியா உள்ளவருக்கு முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்துவிட்டால் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாது. உறைகாரணி ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு பார்ப்பவர்கள், 'நல்லாத்தானே நடக்கிறீங்க' என்பார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமும் பெரும்பாலும் அப்படியொரு நல்ல நாளில்தான் வந்து வாய்க்கும். 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கிய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டைப் பங்கிடும் அதன் 34-ஆவது பிரிவில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றோடு அடையாள அட்டையும் கைக்கு வந்த பிறகே பலருக்கு இது தெரிகிறது. உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீடு இவர்களுக்கும் உண்டு. படித்து முடித்தால் வேலையில் மட்டும் கிடையாதாம்! சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக்காரருக்கு எந்தத் தனியார் முதலாளி சளைக்காமல் விடுப்பு தருவார்? நாடாளுமன்றம் 34-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும். தொகுதி எம்.பி.க்கு மனு எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.