பாடம் கைபேசியில், கைபேசி வார்டன் அலமாரியில்

தோழர்களே, நர்சிங் படிப்பு கைபேசிக்குள் வந்துவிட்டது. இந்திய செவிலியர் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடம். மகப்பேறு செவிலியம் படிக்கும்போது ‘சேஃப் டெலிவரி’ செயலியையும் படிக்க வேண்டும். டென்மார்க்கில் உருவான செயலி அது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்துவது எப்படி, மூச்சுவிடாத பச்சைக் குழந்தையை மீட்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டுகிறது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

இதை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான். நெடுங்காடு பக்கத்துச் சேரியிலிருந்து தமிழ்வழியில் படித்து நர்சிங்குக்கு வரும் முதல் தலைமுறை மாணவி, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கத் தயங்குவாள். கைபேசியில் அதே செய்முறையைப் பத்து முறை பார்க்கலாம். பெயர் காட்டாத வினாடி வினாவில் தப்பாகப் பதில் சொன்னாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை.

ஆனால் யாருடைய கைபேசி? யார் காசில் டேட்டா? வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன் என்றால் அது அப்பாவிடமோ அண்ணனிடமோதான் இருக்கும். 2021 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. அது தமிழ்நாட்டுத் திட்டம். வாஞ்சூர் எல்லை தாண்டிக் காரைக்காலுக்குள் வரவில்லை.

சொந்தமாக போன் இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. பல பெண்கள் விடுதிகளில் சாயங்காலமானால் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். கேட்டால் ‘ஒழுக்கம்’ என்கிறார்கள். பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவள் எப்போது படிப்பது? இந்தப் பூட்டைக் கேரளத்தில் ஒரு மாணவி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். போனை ஒப்படைக்க மறுத்ததற்காக விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட பகீமா ஷிரினைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘எஸ்.சி. உதவித்தொகை மாணவர்கள்’ என்று பெயர்ப்பட்டியல் போட்டால், ஒரே நொடியில் வகுப்பு முழுவதற்கும் சாதி தெரிந்துவிடும். சேரியும் ஊருமாகப் பிரித்த கோடு இப்போது திரையில்.

எனவே புதுச்சேரி அரசிடமும் கல்லூரிகளிடமும் கேட்போம். பாடத்துக்குத் தேவையான கருவியையும் டேட்டாவையும் கொடு. விடுதியில் போனைப் பூட்டாதே. உதவித்தொகை விவரத்தை அந்தந்த மாணவிக்குத் தனியாக அனுப்பு.

உயிர் காக்கும் பாடத்தை போனில் வைப்பவர்கள், அந்த போன் அவள் கையில் இருப்பதையும் உறுதி செய்யட்டும். சலுகை கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இருப்பதைப் படிக்கும் உரிமையைக் கேட்கிறோம்.