கரப்பனும் தாயின் பத்தியமும்

பாலுண்ணும் குழந்தையின் கன்னத்திலே சொறியும் தடிப்பும் தோன்றிவிட்டால், வீட்டிலுள்ளோர் எல்லோருடைய பார்வையும் முதலிற் செல்வது தாயின் சாப்பாட்டுக் கோப்பையின் மீதுதான். "கத்தரிக்காய் தின்றாயோ? இறால் தின்றாயோ? சூரை மீன் தின்றாயோ?" என்று மாமியார் கேட்பார்; அயல்வீட்டு அக்காவும் கேட்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே குடியிருந்தாலென்ன, கொட்டாஞ்சேனையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலென்ன, இவ்விசாரணை மட்டும் மாறுவதில்லை. முடிவிலே தாய்க்குக் கடும் பத்தியம் விதிக்கப்படுகின்றது. குழந்தை சற்று வளர்ந்ததும் அதற்கும் முட்டையில்லை, மீனில்லை என்றாகின்றது. கரப்பனோ போனபாடில்லை.

சகோதரிகளே! இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இக்கரப்பனைப் பற்றியே. மேனாட்டு வைத்தியர் எக்ஸிமா என்பதும், நம் பாட்டிமார் கரப்பன் என்றதும் பெரும்பாலும் ஒன்றேயாம். கைக்குழந்தைகளுக்கு இது கன்னத்திலும் தலையிலும் தொடங்கும்; நடை பயிலும் பருவத்திலே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் குடிகொள்ளும். மேனாட்டு நூல்கள் இதனைச் செந்நிறத் தடிப்பு என வருணிக்கின்றன. நம் குழந்தைகளின் மாநிற மேனியிலோ அது கபில நிறமாகவும் சாம்பல் படர்ந்தாற் போலவும் தோன்றக்கூடும். ஆதலின் நிறத்தை மட்டும் பார்த்திராமல், தோலைத் தடவிப் பார்த்துச் சொரசொரப்பை அறிதல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் தினவு. இரவிலே தானும் உறங்காது, பெற்றவளையும் உறங்கவிடாது குழந்தை சொறிந்துகொண்டிருக்குமாயின் அதனைச் சிறு உபாதையென்று தள்ளிவிடலாகாது.

இதற்குக் காரணம் யாது? தோலின் மேற்படை ஒரு மதில் போன்றது. உயிரணுக்கள் கற்களாகவும், அவற்றிடையேயுள்ள நெய்ப்பசை சாந்தாகவும் அமைந்து, உள்ளேயுள்ள ஈரத்தைக் காத்து, வெளியேயுள்ள அழுக்கையும் கிருமியையும் தடுக்கின்றன. கரப்பனுள்ள குழந்தைக்கு இம்மதில் பிறப்பிலேயே சற்று நலிந்திருக்கின்றது. 2006ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர்கள், இம்மதிலைக் கட்டுதற்கு உதவும் பிலாகிறின் என்னும் புரதத்தின் பரம்பரைக் குறைபாடு கரப்பனுக்கு ஏதுவாகின்றது எனக் கண்டறிந்தனர். இக்குறைபாடு கரப்பனுள்ள எல்லோரிடமும் காணப்படுவதன்று. ஆயினும் மதிலின் நலிவும் அதன் வழியே எழும் அழற்சியுமே நோயின் அடிப்படை என்பது இன்று தெளிவு. தொய்வும் பீனிசமும் உள்ள குடும்பங்களிலே கரப்பனும் கூடி வருவது இப்பரம்பரைத் தொடர்பினாலேயாம். தாய் தின்ற கத்தரிக்காய்க்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

அப்படியாயின் உணவு ஒவ்வாமை என்பதே இல்லையா எனக் கேட்பீர்கள். உண்டு. முட்டை, பசுப்பால், கச்சான், மீன் முதலியவை சில குழந்தைகளுக்கு ஒவ்வா. பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் உதடு வீங்குதல், உடலெங்கும் தடித்தல், வாந்தி, மூச்சிரைப்பு என அது வெளிப்படும். இத்தகைய அறிகுறி கண்டாலும், முறையான சிகிச்சைக்கும் கடுங் கரப்பன் அடங்காவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதிப்பித்தல் வேண்டும். அஃதன்றி, ஊகத்தின் பேரில் உணவுகளை ஒவ்வொன்றாய் நிறுத்துவது வளரும் பிள்ளையை மெலிவிக்கும். பாலூட்டும் தாயையும் மெலிவிக்கும்.

ஒதுக்குவதினால் வேறொரு தீமையும் நேரலாம். கடுங் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இலண்டனிலே ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஓராண்டு நிரம்புமுன்னரே கச்சான் கலந்த உணவை உண்ணத் தொடங்கிய பிள்ளைகளிடம், அதனை அறவே ஒதுக்கிய பிள்ளைகளைக் காட்டிலும், ஐந்து வயதிலே கச்சான் ஒவ்வாமை மிகமிகக் குறைவாய் இருந்தது. கரப்பன் கடுமையாயுள்ள குழந்தைக்கு வைத்தியரைக் கேட்ட பின்பே இதனைத் தொடங்குதல் வேண்டும். அதுவும் அரைத்துக் குழைத்தே கொடுத்தல் வேண்டும். முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும்.

இனி, வீட்டிலே செய்யத்தக்கவை எவை எனப் பார்ப்போம். குளிர்நாட்டிலே கரப்பனைக் கிளறிவிடுவது மாரிகால வறட்சி. நம் கொழும்பிலோ ஆண்டு முழுவதும் வெப்பம் சராசரி 27, 28 பாகை. காற்றிலே ஈரமும் மிகுதி. ஆகவே இங்கு குழந்தையை வருத்துவது பெரிதும் வியர்வையே. மெல்லிய பருத்திச் சட்டை அணிவியுங்கள், நைலோன் வேண்டாம். மின்விசிறிக் காற்றுப் படுமாறு உறங்க வையுங்கள். வியர்த்த உடலைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

குளிப்பாட்டுவது தீங்கென்று அஞ்ச வேண்டாம். நாளுக்கொரு முறை, இளஞ்சூட்டு நீரில், ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் முடித்தால் நன்மையே. நுரை பொங்கும் வாசனைச் சவர்க்காரம் மதிலின் சாந்தைக் கரைத்துவிடும். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வருவோர் கொண்டுவரும் அன்பளிப்புக் கூடையிலே கொலோன் போத்தல் இல்லாதிருப்பது அரிது. அதிலுள்ள மதுசாரமும் வாசனையும் புண்பட்ட தோலில் நெருப்பாய் எரியும். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் வழக்கத்தையும் வைத்தியர் சொன்னாலன்றிக் கைவிடுங்கள்.

குளித்து முடிந்ததும் துவாயால் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றாய் உலருமுன்னரே களிம்பு பூசுதல் வேண்டும். இதுவே சிகிச்சையின் பாதி. வாசனையற்ற வெள்ளைப் பரபின் களிம்பு விலையிற் குறைந்தது; குணத்திற் குறைந்ததன்று. வியர்வைக் காலத்திலே அது பிசுபிசுத்தால் வாசனையற்ற கிறீம் வகையைப் பகலிலும், களிம்பை இரவிலும் உபயோகிக்கலாம். நம் வீட்டுத் தேங்காயெண்ணெயும் இகழத்தக்கதன்று. பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளிடையே நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றிலே, சூடாக்காமற் பிழிந்த தூய தேங்காயெண்ணெய், கனிய எண்ணெயினும் மேலான பயனளித்தது. ஒலிவெண்ணெய் தோலின் மதிலைப் பலவீனப்படுத்தக்கூடும் என 2013ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியமையால், விலைகொடுத்து அதனை வாங்கிப் பூசவேண்டியதில்லை. அக்குவஸ் கிறீம் எனப்படுவதைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். பூசியபடி விட்டுவிட்டால் சில குழந்தைகளுக்கு எரிச்சல் தரும்.

எவ்வளவு பூசுவது? பொட்டிடுவது போல் தொட்டு வைத்தாற் போதாது. உடலெங்கும் கரப்பனுள்ள பிள்ளைக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் வரை வேண்டும் என்பது பிரித்தானிய வைத்திய வழிகாட்டிகளின் கணக்கு. ஓர் எச்சரிக்கை: இக்களிம்புகளும் எண்ணெயும் ஊறிய துணியில் நெருப்பு விரைவிற் பற்றும். சுவாமி விளக்கருகிலும் மெழுகுவர்த்தி அருகிலும் குழந்தையை விடாதீர்கள்.

தினவும் தடிப்பும் மிகும்போது வைத்தியர் ஸ்டீரொயிட் சேர்ந்த பூச்சு மருந்தைத் தருவார். பெயரைக் கேட்டதும் பல தாய்மார் நடுங்குகின்றனர். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற பழமொழியைப் பற்றிக்கொண்டு, சற்றே குறைந்ததும் நிறுத்திவிடுகின்றனர். அரையும் குறையுமாய் அணைத்த நெருப்பு மீண்டும் மூளுகின்றது. 1952ஆம் ஆண்டு முதலே பூசப்பட்டு வரும் இம்மருந்துவகை, உரிய வலுவில், உரிய அளவில், உரிய நாட்களுக்குப் பூசினால் தீங்கற்றது. அளவுக்கு ஓர் எளிய வழியுண்டு: வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய மருந்து ஏறக்குறைய அரைக் கிராம், அது அவருடைய இரண்டு கையளவு பரப்புக்குப் போதும். தோல் வழவழப்பாகும் வரை, வைத்தியர் சொன்ன நாட்கணக்கின்படி பூசுங்கள். பெரியவர்களுக்குத் தந்த வலுமிக்க மருந்தைக் குழந்தையின் முகத்திற் பூசுவதும், உள்ளடக்கம் எழுதப்படாத சிமிழ் மருந்துகளை நம்புவதுமே உண்மையான அபாயம். "மூலிகை" என்று பேர் சொல்லி விற்ற களிம்புகளிலே கடும் ஸ்டீரொயிட் மறைந்திருந்தமை பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

புண்ணிலிருந்து நீர் வடிந்து தேன்நிறப் பொருக்குக் கட்டினால் கிருமி தொற்றியிருக்கக்கூடும். தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு, ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டங் கூட்டமாய் எழுந்து, தோண்டியது போன்ற புண்ணாகி நோகுமானால், அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது வைரசு தொற்றியதன் அடையாளமாகலாம். கண்ணருகில் வந்தாற் பார்வைக்கே ஆபத்து. 1895ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எட்டாத தூரத்திலில்லை. அரசாங்க வைத்தியசாலையாதலின் அங்கு சிகிச்சைக்குக் கட்டணமுமில்லை.

கரப்பனை ஒரே நாளில் வேரோடு களையும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அதனை அடக்கி வைக்கலாம். வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தணிந்தும் போகின்றது. அதுவரை பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், நாள்தோறும் பூசும் பொறுமை வேண்டும். அப்பொறுமைக்குத் தாயின் உடம்பிலே வலு வேண்டாமா? ஆகையால் வீட்டிலுள்ள மூத்தோரை வேண்டிக்கொள்கின்றோம்: இராக்கண் விழித்த மருமகளிடம் "என்ன தின்றாய்?" என்று கேளாதீர்கள். அவளுக்கு ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும் வயிறாரக் கொடுத்து, இன்றிரவு களிம்பு பூசும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.